கைப்பக்குவத்தில் ஓடும் குடும்பத் தொழில்: அடுத்த கைக்கு எப்படி மாற்றுவது?

புதுக்கரண்டி:

பாட்டிலில் அடைத்து விற்கிற ஊறுகாய், சாஸ், ஜாம். சின்னக் குடும்பத் தொழில்தான். செய்முறை மொத்தமும் பெரியவர் ஒருவர் கையில் இருக்கிறது, தாளில் ஒரு வரி கூட இல்லை. "ஒரு கை உப்பு", "நிறம் மாறுற வரைக்கும்", "பார்த்தா தெரியும்" என்ற கணக்கில்தான் எல்லாம் நடக்கிறது. இரண்டு வருடத்துக்குள் அவர் அடுப்படியை விட்டு விலகுவதாகப் பேச்சு. அடுத்து வருகிறவர்கள் இரண்டு பேர். ஒருவர் முழுநேரமும் தொழிலில், இன்னொருவர் வேறு வேலையில்.

பக்கத்தில் நின்று எழுதி வைத்த அளவை அப்படியே போட்டாலும் ஒரு தடவை வந்த ருசி மறு தடவை வருவதில்லை. கூடவே 10 கிலோ பாத்திரத்திலிருந்து 40 கிலோவுக்குப் போக வேண்டிய கட்டாயம். எல்லாவற்றையும் நாலு மடங்காக்கினால் சாஸ் முதலில் நீர்த்து நிற்கிறது, வற்றவிட்டால் கறுத்துப்போகிறது. உப்பைக் குறைக்கச் சொல்லி வாங்குகிறவர்கள் கேட்கிறார்கள். பெரியவரோ "அதில் மட்டும் கை வைக்காதே" என்கிறார். வெறும் பிடிவாதமா, காரணம் இருக்கிறதா?

கடைசியாக, பெயர், உரிமம், கட்டடம், கடன் இதையெல்லாம் எந்த வரிசையில் மாற்றுவது? தெரிந்தவர்கள் விவரமாகச் சொல்லுங்கள். "பொறுமையாகக் கத்துக்கோங்க" ரக அறிவுரை மட்டும் வேண்டாம், நிறையக் கேட்டாகிவிட்டது.

தராசுத்தட்டு:

கோளாறு பக்கத்தில் நின்று எழுதுவதிலேயே இருக்கிறது. நோட்டோடு ஒருவர் நின்று "இப்ப எவ்வளவு போட்டீங்க?" என்று கேட்டுக்கொண்டே இருந்தால், செய்கிறவர் கை இயல்பாக ஓடாது. கேட்ட கேள்விக்கு ஒரு பதில் சொல்ல வேண்டுமே என்று ஏதோ ஓர் அளவைச் சொல்வார். கை போடுவது வேறாக இருக்கும்.

மீதியை நிறுங்கள். சமையல் தொடங்கும் முன் உப்பு டப்பா, மிளகாய்த் தூள், எண்ணெய் கேன், வினிகர், சர்க்கரை ஒவ்வொன்றையும் நிறுத்துக் குறித்துவிட்டு அவர் கைக்கு எட்டுகிற இடத்தில் வைத்துவிட்டு நகர்ந்துவிடுங்கள். முடிந்த பிறகு மறுபடி நிறுங்கள். உப்பு டப்பா 2,000 கிராமில் தொடங்கி 1,372 கிராமில் நின்றால் உள்ளே போனது 628 கிராம். அவரிடம் ஒரு வார்த்தை கேட்க வேண்டியதில்லை. சிந்தியதைக் கூட்டி அள்ளி டப்பாவிலேயே போட்டு நிறுங்கள், இல்லாவிட்டால் அதுவும் கணக்கில் ஏறிவிடும். 5 கிலோ வரை 1 கிராம் துல்லியத்தில் காட்டும் தராசு ஒன்று போதும். பட்டை, கிராம்பு மாதிரி 20 கிராமுக்குக் கீழே போகிற பொருளுக்கு மட்டும் 0.1 கிராம் காட்டும் சின்னத் தராசு வேண்டும்.

கரண்டி, கிண்ணம், கை எதுவும் அளவே இல்லை. ஐந்து மில்லி கரண்டியில் தூள் உப்பு கிட்டத்தட்ட 6 கிராம் நிற்கும்; தட்டையான பரல் உப்பு வகைகளில் சில 3 கிராம்தான் நிற்கும். உப்புப் பொட்டலம் மாறிய அன்று ருசி ஏன் மாறியது என்று யாருக்கும் தெரியாமல் போவது இப்படித்தான்.

எழுதும்போது முதன்மைப் பொருளை 100 என்று வைத்துக்கொள்ளுங்கள். ரொட்டி சுடுகிறவர்கள் மாவை 100 என்று வைப்பது போல. நறுக்கிய காய் 10 கிலோவுக்கு 628 கிராம் உப்பு என்றால் 6.28. காயைக் கழுவி, காம்பு கிள்ளி, நீர் வடித்த பிறகு உள்ள எடைதான் 100. வாங்கிய மூட்டை எடையைப் போட்டால் கழிவு கூடக் குறைய ஆகிற அன்று கணக்கு முழுக்கப் பொய்த்துவிடும்.

இப்படி எட்டு, பத்துச் சமையலுக்கு எழுதுங்கள். 610, 628, 640, 622 என்று வந்துகொண்டிருந்து ஒரு நாள் 720 வந்தால், சராசரி போட்டு அதை அமுக்கிவிடாதீர்கள். எனக்குத் தெரிந்து அந்த 720தான் மற்ற நாட்களின் எண்களையெல்லாம் விட மதிப்பானது. அன்று காய் நீர்ச்சத்து அதிகமாக இருந்ததா, மழைக்காலச் சரக்கா, புளிப்பு தூக்கலாக இருந்ததா? பெரியவர் எதையோ பார்த்து அல்லது தொட்டு உணர்ந்து கூட்டியிருக்கிறார். எவ்வளவு போடுகிறார் என்பது செய்முறையில் பாதி. எதைப் பார்த்து எவ்வளவு கூட்டிக் குறைக்கிறார் என்பது மறு பாதி. முதல் பாதியை மட்டும் எழுதியதால்தான் உங்களுக்கு ஒவ்வொரு தடவையும் ருசி தடுமாறுகிறது.

அதனால் தாளில் இரண்டு பத்தி போடுங்கள்: முதலில் போட்டது, ருசி பார்த்த பின் சேர்த்தது. இரண்டாவது பத்திக்குத் தனியாக ஒரு சின்ன டப்பா உப்பு வைத்துவிட்டால் அதுவும் மீதி நிறுப்பதில் தானாகப் பிரிந்துவிடும். எந்த நிமிடத்தில் ருசி பார்த்தார், எவ்வளவு சூட்டில் பார்த்தார் என்பதும் வேண்டும். கொதிக்கக் கொதிக்க நாக்கில் வைத்தால் தெரிகிற உப்பும், ஆறிய பின் தெரிகிற உப்பும் ஒன்றல்ல.

அடுத்தது பதம். "எண்ணெய் பிரியணும்" என்பதன் பொருள், நீர் பெரும்பாலும் ஆவியாகி, சட்டிக்குள் சூடு 100 டிகிரிக்கு மேலே ஏறத் தொடங்கிவிட்டது என்பது. இதற்கு மூன்று அளவுகோல்கள் உண்டு: சூடு, பிரிக்ஸ் (கரைந்திருக்கும் சர்க்கரையின் சதவீதம்), இறுதி எடை. சாஸுக்கு இறுதி எடைதான் ஏமாற்றாது. பாத்திரத்தின் வெற்று எடையை அதன் பக்கத்திலேயே பொறித்துவிடுங்கள். நிறைந்த பாத்திரத்தை நிறுத்து அதைக் கழித்தால் உள்ளே இருப்பது தெரியும். உள்ளே போனது 10 கிலோ, அவர் "போதும்" என்று இறக்கும்போது 7 கிலோ என்றால் இனி 7 கிலோதான் பதம், கடிகாரம் என்ன சொன்னாலும் சரி.

ஜாமுக்குச் சூடு. கடல்மட்டத்தில் 104 முதல் 105 டிகிரி செல்சியஸ், அல்லது பிரிக்ஸ் காட்டும் கருவியான ரிஃப்ராக்டோமீட்டரில் 65 பிரிக்ஸுக்கு மேல். ஆனால் உயரம் கூடக் கூட, ஏறக்குறைய 300 மீட்டருக்கு 1 டிகிரி வீதம், நீரின் கொதிநிலையே இறங்கும். அதனால் அன்றன்றைக்கு வெறும் தண்ணீரை அதே வெப்பமானியால் கொதிக்கவைத்துப் பார்த்து, அந்த எண்ணோடு 4.5 கூட்டிக்கொள்ளுங்கள். வெப்பமானி கோளாறாக இருந்தாலும் இதிலேயே சரியாகிவிடும்.

வறுப்பதற்கு மட்டும் எண் முழுதாக உதவாது. வறுக்கும் முன்னும் பின்னும் நிறுத்து எடை இழப்பைக் குறிக்கலாம், ஆனால் ஈரமான சரக்கு அதிகம் இழக்கும், அதனால் அது அரைகுறைச் சாட்சி. அவர் சரியாக வறுத்த ஒரு நாளின் பொடியில் கொஞ்சம் எடுத்துக் காற்றுப் புகாமல் உறைநிலையில் வையுங்கள். அடுத்த தடவை வெள்ளைத் தாளில் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் தேய்த்து, பகல் வெளிச்சத்தில் பாருங்கள்.

கடைசியாக ஒன்று, சொல்வதற்குச் சங்கடமானது. 60 வயதுக்கு மேல் பெரும்பாலானவர்களுக்கு மோப்பம் மெல்ல மங்கும். சில மருந்துகளும் நாக்கைக் கெடுக்கும். பெரியவர் போடுகிற உப்பும் காரமும் வருடா வருடம் சிறுகச் சிறுக ஏறிக்கொண்டே வந்திருக்கலாம், அவருக்கே தெரியாமல். "இதுதான் அசல்" என்று நீங்கள் எழுதி வைப்பது அசலைவிட ஒரு படி தூக்கலாக இருக்க வாய்ப்புண்டு.

புதுக்கரண்டி:

மீதி நிறுப்பது நல்ல யோசனை. தராசைக் கண்டாலே "என் கை மேல் நம்பிக்கை இல்லையா" என்று வருகிற கோபத்துக்கும் இதில் வழியில்லை. உப்பு விஷயம் யாராவது சொல்லுங்கள்.

அமிலக்கணக்கு:

பிடிவாதம் இல்லைங்க, காரணம் இருக்கு. அவருக்கு அந்தக் காரணத்தோட பேர் தெரியாம இருக்கலாம், அவ்வளவுதான்.

பாட்டிலில் அடைச்ச பொருளில் நாம பயப்பட வேண்டியது கிளாஸ்ட்ரிடியம் பாட்டுலினம்கிற பாக்டீரியா. காற்று இல்லாத இடத்தில் வளரும், நச்சு உண்டாக்கும், வாசனையோ நிறமோ மாறணும்னு அவசியமில்லை. அதைத் தடுக்கிற வேலிகள்ல முக்கியமானது பிஎச் 4.6 (பிஎச்-ங்கிறது புளிப்பின் அளவு, எண் குறையக் குறைய அமிலம் கூடுது). அதுக்குக் கீழே அது வளராது. வேலையில் 4.2 அல்லது அதுக்கும் கீழே வெச்சுக்கிட்டா கை தப்பினாலும் இடம் இருக்கும். இன்னொரு வேலி, நீர்ப்பகுதியில் இருக்கிற உப்பு. சுமார் 10 சதவீதம் தாண்டினா அது வளர முடியாது.

"நீர்ப்பகுதியில்" என்கிற வார்த்தையைக் கவனிங்க. மொத்த எடையில் இல்லை. உப்பு, உப்பும் நீரும் சேர்ந்த எடையில் எத்தனை பங்குன்னு பார்க்கணும். 1 கிலோ ஊறுகாயில் 500 கிராம் நீரும் 80 கிராம் உப்பும் இருந்தா 80-ஐ 580-ஆல் வகுத்து 13.8 சதவீதம். "கொஞ்சம்தானே"ன்னு உப்பை 50 கிராமுக்கு இறக்கினா 50-ஐ 550-ஆல் வகுத்து 9.1. ஒரு வேலி படுத்துருச்சு. எண்ணெய் மேலே நிக்கிறதால தப்பிச்சுடலாம்னு நினைக்க வேண்டாம். எண்ணெய் பூஞ்சைக்குக் காற்றைத் தடுக்கும், ஆனா பாட்டுலினத்துக்கு அது போர்வை போட்டுவிட்ட மாதிரி. 1985-இல் கனடாவின் வான்கூவரில் பாட்டுலிசம், அதாவது இந்த நச்சால வர்ற நோய், பரவினது எண்ணெயில் ஊறின பூண்டாலதான். அமிலம் சேர்க்காத பூண்டு, அறைச் சூட்டில் கிடந்தது.

அதனால உப்பைக் குறைக்கவே கூடாதுன்னு இல்லை. ஒரு வேலியை இறக்குறதுக்கு முன்னாடி இன்னொரு வேலி நிமிர்ந்து நிக்குதான்னு அளந்துட்டு இறக்கணும். பிஎச் 4.2-க்குக் கீழே உறுதியா இருந்தா பாட்டுலினம் பயம் போச்சு. ஆனா ஈஸ்ட், பூஞ்சை, புளிக்கவைக்கிற பாக்டீரியா இதெல்லாம் அமிலத்தைப் பெரிசா மதிக்காது. உப்பு குறைஞ்ச ஊறுகாயில் மூடி உப்புறது, திறந்தா புஸ்ஸுன்னு பொங்குறது எல்லாம் இதுங்க வேலை. அப்போ சூடாக அடைக்கணும் அல்லது குளிரில் விக்கணும். இப்போ நீங்க விக்கிற விதத்துக்கும் விக்கிற காலத்துக்கும் அது ஒத்துவருமான்னு பாருங்க.

பிஎச் அளக்குறதில் வழக்கமா நடக்கிற தப்புகளைச் சொல்லிடறேன்.

அடைச்ச உடனே அளக்குறது முதல் தப்பு. வெளியே இருக்கிற குழம்பு 3.8 காட்டும், துண்டோட நடு 5-ல இருக்கும். குறைஞ்சது 24 மணி நேரம் விடுங்க. பெரிய துண்டுன்னா சில நாள் கூட ஆகும். பிறகு மேலே நிக்கிற எண்ணெயை வடிச்சுட்டு, துண்டையும் குழம்பையும் பாட்டிலில் இருக்கிற அதே விகிதத்தில் எடுத்து மிக்ஸியில் மைய அரைச்சு, அறைச் சூட்டுக்கு வந்த பிறகு அளங்க. எண்ணெய் பிஎச் கருவியோட மின்முனையில் படிஞ்சா அளவு பொய் சொல்லும், அப்புறம் துடைச்சாலும் லேசில் போகாது. கருவியை ஒவ்வொரு நாளும் பிஎச் 4.0, 7.0-ன்னு தெரிஞ்ச ரெண்டு கரைசலிலும் சரிபார்க்கணும். பிஎச் காட்டுற காகிதப் பட்டையை 4.0-க்குக் கீழேதான் இருக்கும்னு தெரிஞ்ச பொருளுக்கு மட்டும் வெச்சுக்கோங்க. 4.6 பக்கத்தில் போகிறதுக்கு அது ஆகாது.

வினிகரும் தலைமுறை மாறும்போது சத்தமில்லாம மாறும். பழைய ஆள் 5 சதவீத அமிலம் வாங்கிட்டு இருந்திருப்பார், புதுசா வந்தவர் விலை பார்த்து 4 சதவீதம் வாங்குவார். லிட்டர் அதேதான், அமிலம் ஐந்தில் ஒரு பங்கு குறைஞ்சுடும். செய்முறைத் தாளில் "வினிகர் 1 லிட்டர்"னு எழுதாதீங்க, "5 சதவீத வினிகர் 1 லிட்டர்"னு எழுதுங்க.

பெரியஅடுப்பு:

40 கிலோ பாத்திரத்துக்கு வருகிறேன். நாலு மடங்கு போட்டால் நாலு மடங்கு வரும் என்பது எடைக்குப் பொருந்தும், நேரத்துக்குப் பொருந்தாது.

ஒரே வடிவத்தில் பாத்திரம் நாலு மடங்கு கொள்ளளவுக்குப் பெரிதானால் மேற்பரப்பு இரண்டரை மடங்குதான் ஆகும். ஒரு கிலோ சாஸுக்குக் கிடைக்கிற மேற்பரப்பு பழையதில் 63 சதவீதம். அடுப்புக் கணக்கும் அப்படியே. கொதிக்கிற நீரில் 1 கிலோவை ஆவியாக்க 2,257 கிலோஜூல் வேண்டும். 10 கிலோவை 7 கிலோவாக வற்றவைக்க 3 கிலோ நீர் போக வேண்டும்; உள்ளே உண்மையில் இறங்குகிற வெப்பம் 3 கிலோவாட் என்றால் சுமார் 38 நிமிடம். 40 கிலோவில் 12 கிலோ நீர் போக வேண்டும். அடுப்பை இரண்டு மடங்காக்கி 6 கிலோவாட் கொடுத்தாலும் 75 நிமிடம். அதாவது உங்கள் சாஸ் இரண்டு மடங்கு நேரம் கொதிக்கிறது. முதலில் நீர்த்து நின்றதற்கும் பிறகு கறுத்ததற்கும் இதுவே காரணம். சர்க்கரையும் புரதமும் சூட்டில் கிடக்கிற நேரம் இரட்டித்தால் நிறம் கறுக்காமல் என்ன செய்யும்? வாசனையும் ஆவியோடு போய்விடும். அதைப் பார்த்துவிட்டு மசாலாவைக் கூட்டுவார்கள், காரமும் கசப்பும் ஏறும், வாசனை மட்டும் திரும்பாது.

தீயைக் கூட்டினால் அடி பிடிக்கும். அதனால் செய்ய வேண்டியது வேறு. முதலில், உள்ளே போகிற நீரைக் குறையுங்கள். வற்றவைக்கத்தானே போகிறோம் என்று ஊற்றுகிற தண்ணீர், அலசிய தண்ணீர், வடிக்காத காயின் ஈரம் இவற்றில் 4 கிலோ மிச்சப்பட்டால் 6 கிலோவாட்டில் 25 நிமிடம் மிச்சம். பாத்திரம் ஆழமாக வேண்டாம், அகலமாக வாங்குங்கள். வாசனைப் பொருளின் அளவைத் தொடாமல், போடுகிற நேரத்தைப் பின்னுக்குத் தள்ளுங்கள்: பழைய பாத்திரத்தில் இறக்குவதற்கு 20 நிமிடம் முன் போட்டது இங்கேயும் இறக்குவதற்கு 20 நிமிடம் முன்தான். "கொதி வந்து 18 நிமிடத்தில்" என்று எழுதியிருந்தால் அந்த வரியை மாற்றுங்கள்.

ஜாமை மட்டும் பெரிய பாத்திரத்துக்குக் கொண்டுபோகவே வேண்டாம் என்பேன். அதிக நேரம் கொதித்தால், ஜாமை உறையவைக்கிற பெக்டின் உடைந்து உறையாமல் போகும், பிறகு பெரிய திரளாக ஆறும்போது நடுப்பகுதி மணிக்கணக்கில் சூடாகவே கிடந்து மேலும் கறுக்கும். 10 கிலோ பாத்திரம் இரண்டை மாற்றி மாற்றி ஓட்டுவதே வேகம்.

அடைக்கும்போது: பிஎச் 4.6-க்குக் கீழே இருக்கிற பொருள் என்றால் 85 டிகிரிக்குக் குறையாமல் ஊற்றி, உடனே மூடி, மூடியின் உட்புறம் சூடாகும்படி மூன்று நிமிடம் கவிழ்த்து வையுங்கள். 40 கிலோவில் கடைசிப் பாட்டில் ஊற்றும்போது சூடு 85 இருக்கிறதா என்று பாருங்கள். முதல் பாட்டிலை மட்டும் அளந்துவிட்டுத் திருப்தி அடைகிறவர்கள்தான் அதிகம். அமிலம் இல்லாத பொருளுக்கு இந்த வழி கூடவே கூடாது.

பாத்திரத்தின் உலோகத்தையும் பாருங்கள். பழையது இரும்பாக இருந்தால், புளிப்பும் துவர்ப்பும் உள்ள பொருளோடு சேர்ந்து கருநிறம் தரும். எவர்சில்வருக்கு மாறினால் அதே செய்முறை வெளிறித்தான் வரும். அதைப் பார்த்து "பதம் வரவில்லை" என்று இன்னும் பத்து நிமிடம் விட்டுத் தீய்த்துவிடாதீர்கள்.

ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். புது ஆள், புதுப் பாத்திரம், புது மிளகாய் மூன்றும் ஒரே வாரத்தில் வந்தால் எது கெடுத்தது என்று கண்டுபிடிக்கவே முடியாது. அதே மூட்டைச் சரக்கைப் பாதியாகப் பிரித்து, பாதி பழைய பாத்திரத்தில் பெரியவர் கையால், பாதி அதே பாத்திரத்தில் புதியவர் கையால். அது ஒத்துவந்த பிறகு பாத்திரத்தை மாற்றுங்கள்.

தராசுத்தட்டு:

ஒத்துவந்ததா என்பதை எப்படிச் சொல்வது? "எனக்கு ஒரே மாதிரிதான் இருக்கு" என்று செய்தவரே சொன்னால் செல்லாது. மூன்று கிண்ணம் வையுங்கள். இரண்டில் ஒன்று, மூன்றாவதில் மற்றது. கிண்ணத்தில் மூன்று இலக்க எண் மட்டும். எது எங்கே என்ற வரிசை ஆளுக்கு ஆள் மாற வேண்டும். "எது வேறு?" என்று மட்டும் கேளுங்கள், "எது நல்லா இருக்கு" என்று கேட்காதீர்கள், அது வேறு சோதனை. குருட்டாம்போக்கில் சொன்னாலே மூன்றில் ஒருவர் சரியாகச் சொல்லிவிடுவார். அதனால் 12 பேரில் 8 பேராவது சரியாகச் சொன்னால்தான் உண்மையில் வித்தியாசம் இருக்கிறது என்று எடுத்துக்கொள்ளலாம். 6 பேர் என்றால் 5. ஒரே வயது சரக்கைத்தான் ஒப்பிட வேண்டும். நேற்றுப் போட்ட ஊறுகாயையும் இரண்டு மாதம் ஊறியதையும் வைத்தால் எல்லாரும் கண்டுபிடிப்பார்கள், அதற்கும் கைக்கும் சம்பந்தமில்லை.

6 பேரில் 3 பேர் சரியாகச் சொன்னால் "ரெண்டும் ஒன்றுதான்" என்று நிரூபணமாகிவிடாது. ஆள் குறைவு என்பதால் சின்ன வித்தியாசம் தப்பியிருக்கலாம். வேறு நாளில் திரும்பச் செய்யுங்கள்.

முந்தைய பதிவில் சொன்ன உப்பு ஏற்றத்துக்கும் இதையே வைத்துக்கொள்ளலாம். 6.0, 6.5, 7.0 சதவீதம் உப்பில் மூன்று பாட்டில் செய்து, பெயர் சொல்லாமல் பெரியவர் முன்னும் இளையவர்கள் முன்னும் வையுங்கள். அவர் மட்டும் தனியாக 7.0-ஐத் தேர்ந்தெடுத்தால் விஷயம் புரிந்துவிடும். அவரிடம் அதைச் சொல்லிக் காட்ட வேண்டியதில்லை.

கணக்குப்பிள்ளை:

ருசியைப் பற்றி எல்லாரும் எழுதிவிட்டார்கள். காகிதத்துக்கு வருவோம்.

"தொழிலை மாற்றுவது" என்று ஒரே மூச்சில் சொல்கிறோமே தவிர, அதில் தனித்தனியாக மாற வேண்டியவை பல. உணவு உரிமம், பெயரும் முத்திரையும், கட்டடம், கருவிகள், வங்கிக் கடன், செய்முறை, சரக்குக் கொடுப்பவர்களோடு இருக்கிற வாய்வழிக் கணக்கு. இவை ஒன்றோடு ஒன்று ஒட்டிக்கொண்டு தானாக வராது. உரிமம் பெரும்பாலும் ஆளின் பேரிலும் இடத்தின் பேரிலும் இருக்கும்; ஆள் மாறினால் புதிதாக எடுக்க வேண்டியிருக்கலாம். அதனால் உங்கள் ஊர் அதிகாரியிடம் எழுத்தில் கேட்பதுதான் முதல் வேலை. அந்தப் பதில் வரும்வரை ஆறு மாதத்துக்கான லேபிளை மொத்தமாக அச்சடித்துவிடாதீர்கள். உரிம எண்ணும் தயாரிப்பவர் பெயரும் மாறினால் அத்தனையும் குப்பை.

முத்திரை பெரியவர் பேரில் பதிவாகி இருந்தால் எழுத்து ஒப்பந்தத்தின் மூலம் மாற்ற வேண்டும். "அப்பா பேரு, நம்ம பேருதானே" என்று விட்டால், பிற்காலத்தில் தொழிலுக்கு வராத பிள்ளைக்கும் அதில் பங்கு என்று நிற்கும். அப்போது ஆளுக்கொரு கடை, ஒரே பெயர், இரண்டு ருசி.

கடன்தான் எல்லாரும் மறக்கிற இடம். பெரியவர் தனிப்பட்ட முறையில் கொடுத்த உத்தரவாதம் அவர் விலகினாலும் விலகாது. வங்கி எழுத்தில் விடுவிக்கும்வரை அவர் கழுத்தில்தான் இருக்கும். அதை முடிக்காமல் நிர்வாகத்தை மட்டும் கொடுத்தால், முடிவு எடுப்பவர் ஒருவர், பொறுப்பு ஏற்பவர் இன்னொருவர். பிறகு அவர் தினமும் கல்லாவில் வந்து உட்கார்ந்தால் குறை சொல்ல முடியாது.

இரண்டு பிள்ளைகளில் ஒருவர் மட்டும் வேலை செய்கிறார் என்றால் சம்பளத்தையும் லாபப் பங்கையும் முதல் நாளே பிரியுங்கள். வெளி ஆளை வைத்தால் என்ன கொடுப்பீர்களோ அதுதான் சம்பளம், அது செலவுக் கணக்கில். உதாரணமாக எல்லாச் செலவும் போக 100 மிஞ்சுகிறது, மேலாளருக்கு நியாயமான சம்பளம் 40 என்றால், பங்கு போட வேண்டியது 60. அந்த 40-ஐ எடுக்காமல் 100-ஐயும் பாதிப் பாதியாகப் பிரித்தால் உழைப்பவர் 20-ஐத் தானமாகக் கொடுக்கிறார். முதல் இரண்டு வருடம் பெருந்தன்மையாக இருக்கும், மூன்றாவது வருடம் வெடிக்கும். கட்டடம் ஒருவருக்கும் தொழில் இன்னொருவருக்கும் போவதாக இருந்தால், உரிமம் அந்த இடத்தோடு கட்டுண்டது என்பதை நினைவில் வைத்து, பல வருடத்துக்கான குத்தகை எழுதிய பிறகு பிரியுங்கள்.

பெரியவருக்கு மாதம் இவ்வளவு என்று நிலையாக வைத்துவிடுங்கள். விற்பனையோடு கட்டினால் ஒவ்வொரு விலை மாற்றத்திலும் அவர் பேசத்தான் செய்வார், பேசவும் உரிமை இருக்கிறது.

வரிசை கேட்டீர்கள். நான் கொள்முதலில் தொடங்கச் சொல்வேன். எல்லாரும் அதைக் கடைசியில் கொடுப்பார்கள், அது தவறு. காயும் பழமும் மிளகாயும் வருடத்தில் ஒரு தடவைதான் பருவத்துக்கு வரும். எந்த மூட்டையைத் திருப்பி அனுப்புவது, யாருக்கு எத்தனை நாளில் பணம், எந்த மாதத்துக்கு எவ்வளவு இருப்பு என்பதைக் கற்க ஒரு முழுச் சுற்று வேண்டும், இரண்டு இருந்தால் நல்லது. உங்களிடம் இரண்டு வருடம் இருக்கிறது, அதனால் அடுத்த அறுவடைக்கே புதியவர் போகட்டும், பெரியவர் கூட நிற்கட்டும். அதன் பிறகு உற்பத்தி, பிறகு விலை, கடைசியில் வங்கிக் கையெழுத்து. ஒவ்வொன்றுக்கும் தேதி போட்டு எழுதுங்கள்.

ரகசியம் பற்றி யாரும் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்கிறேன். எழுதாமல் இருந்தவரை அது தானாகவே ரகசியம். எழுதியதும் பாதுகாக்க வேண்டிய பொருளாகிவிடும். உலக வர்த்தக அமைப்பின் டிரிப்ஸ் ஒப்பந்தம், 1995 முதல் நடப்பில் இருப்பது, அதன் 39-ஆவது பிரிவு வெளியிடப்படாத தகவலுக்குப் பாதுகாப்புத் தருகிறது. அதற்கு மூன்று நிபந்தனை: அது ரகசியமாக இருக்க வேண்டும், ரகசியமாக இருப்பதால் வணிக மதிப்பு இருக்க வேண்டும், வைத்திருப்பவர் காக்க நியாயமான முயற்சி எடுத்திருக்க வேண்டும். சமையலறைச் சுவரில் முழுச் செய்முறையை ஒட்டி வைத்துவிட்டு மூன்றாவதைக் கோர முடியாது. மசாலாவை "அ", "ஆ" என்று இரண்டு கலவையாகப் பிரித்து, குடும்பத்தில் ஒருவர் நிறுத்துப் பொட்டலம் கட்டட்டும். அடுப்படியில் "10 கிலோவுக்கு அ 1 பொட்டலம், ஆ 1 பொட்டலம்" என்று மட்டும் தெரிந்தால் போதும். முழுத் தாளுக்குத் தேதியும் பதிப்பு எண்ணும் போட்டு, ஒரு பிரதியை வேறு கட்டடத்தில் உறையில் இட்டு வையுங்கள். ஆனால் எள், வேர்க்கடலை, பால் மாதிரி ஒவ்வாமை தரும் பொருள் இருந்தால் ரகசியம் என்று லேபிளில் மறைக்க இடமில்லை. கெடாமல் இருக்கச் சேர்க்கிற சல்ஃபைட் கிலோவுக்கு 10 மில்லிகிராமோ அதற்கு மேலோ இருந்தாலும் அப்படித்தான்.

புதுக்கரண்டி:

எல்லாருக்கும் நன்றி. கொள்முதலை முதலில் கொடுப்பது இதுவரை யோசிக்காத கோணம். ஒரு சந்தேகம் பாக்கி: மீதி நிறுப்பதை எத்தனை தடவை செய்தால் தாள் முடிந்தது என்று வைத்துக்கொள்ளலாம்?

தராசுத்தட்டு:

எண்ணிக்கையை வைத்து முடிக்காதீர்கள். அடுப்படிக்கே வராத ஒருவரிடம் தாளைக் கொடுத்துச் செய்யச் சொல்லுங்கள். பெரியவர் வந்து ருசி பார்த்து "இன்னும் கொஞ்சம் போடு" என்று சேர்க்கச் சொல்கிற உப்பை நிறுங்கள். 10 கிலோ காய்க்கு அது 20 கிராமுக்குள் அடங்கி, தொடர்ந்து ஐந்து சமையலில் அப்படியே நின்றால், அதுவும் அந்த ஐந்தில் ஒன்றாவது ஈரமான பருவத்துச் சரக்காக இருந்தால், அந்தத் தாள் தேறிவிட்டது. ஒரு தடவை 60 கிராம் கேட்டார் என்றால் தாளில் ஏதோ ஒரு "பார்த்தா தெரியும்" இன்னும் எழுதப்படாமல் இருக்கிறது.

பாத்திரத்தில் வெற்று எடை பொறிக்கும்போது கைப்பிடியோடு, மூடி இல்லாமல் நிறுங்கள். துடுப்பு உள்ளேயே கிடக்கும் என்றால் அதையும் சேர்த்து நிறுத்து, "துடுப்போடு" என்று பக்கத்திலேயே எழுதிவிடுங்கள்.